நாற்பத்தொரு அநாதைகள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அங்கே தன்னார்வலராக இருந்த என் அறைத்தோழி சொன்னது. எதையும் கொஞ்சம் ஊதித்தான் சொல்வாள் என்பதால், பாதியைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் தேற்றி மறுபடி வெளியே விடும் மையம் அது. கால்நடை மருத்துவ உதவியாளர் படிப்பு மாணவர்கள் அங்கே பயிற்சிக்கு வருவார்கள். வருடக் கடைசியில் ஒரே ஒருவருக்கு மையத்தின் டாக்டர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். அது கையில் இருந்தால் பெரிய வனவிலங்கு மருத்துவமனையில் இடம் நிச்சயம்.

அந்த வருடம் போட்டியில் இரண்டு பேர்.

ஒருத்தி 'மீட்பு ராணி'. இன்னொருவன் 'திருப்பிவை'.

அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று விளக்கவே வேண்டாம். தொலைபேசி மேஜை அவனுடையது. யார் கூப்பிட்டாலும் அதே பாட்டுதான்.

ஒருநாள் ஒரு அம்மா செருப்புப் பெட்டியோடு நேராகவே வந்துவிட்டார்.

"தம்பி, குஞ்சு கீழ விழுந்து கிடந்துச்சுப்பா. பாவம், பறக்கக்கூடத் தெரியல."

அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். "இறகு நல்லா முளைச்சிருக்கும்மா. விழல, பறக்கப் பழகுது. எடுத்த இடத்துலயே தாழ்வான கிளையில திருப்பி வச்சிட்டு, தள்ளி நில்லுங்க. தாய் வந்துடும்."

"ஆட்டோ பிடிச்சு வந்திருக்கேன், திருப்பி வைக்கச் சொல்றியே! அப்புறம் நீ எதுக்கு இங்க இருக்கே?"

"திருப்பி வைக்கச் சொல்றதுக்குத்தாம்மா."

அந்த அம்மா அவனை முறைத்த முறைப்பில் குஞ்சே பறந்திருக்க வேண்டும்.

ராணி அப்படியில்லை. தினமும் சாயங்காலம் கையில் ஒரு கூடையோடு வருவாள். உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் குஞ்சு. முதலில் செல்பி, பிறகுதான் எடை பார்ப்பது.

"எங்கிருந்துதான் கிடைக்குது உனக்கு?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"தெருவுல. நாற்காலியை விட்டு எழுந்திரிச்சாத்தானே உனக்குத் தெரியும்?"

வருடக் கடைசிக் கூட்டம். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தார்.

"மீட்கப்பட்ட குஞ்சுகள். ராணி, நாற்பத்தொண்ணு."

கைதட்டல்.

"திருப்பிவை..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அவன் நிஜப் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. "உனக்கு... பூஜ்யம்."

அதற்கும் யாரோ கை தட்டினார்கள்.

"ஏம்பா, ஒரு வருஷத்துல அநாதையா ஒரு குஞ்சுகூட உன் கண்ணுல படலையா?"

"குஞ்சு பட்டுச்சு சார். எல்லாத்துக்கும் தாய் இருந்துச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எனக்கும்தான்டா அம்மா இருக்காங்க. கிளையில கொண்டுபோய் வச்சிடாதே!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டு இருமுவதுபோல் சமாளித்தார்.

அவன் சிரிக்கவில்லை. கடிதம் கிடைக்காவிட்டால் மாமாவின் டயர் கடைக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அந்த நாற்பத்தொண்ணுல எத்தனை பறந்துச்சு?"

டாக்டர் பக்கத்தைப் புரட்டினார். "பதினொண்ணு."

"மிச்சம்?"

ராணிதான் டாக்டரைக் காப்பாற்றினாள்.

"அதுங்க தாயில்லாப் பிள்ளைங்க சார்." குரல் தழுதழுத்தது. "ராப்பகலா ஊட்டினேன். ஆனா தாய் ஊட்டுற மாதிரி வருமா? போற உயிர் என் மடியில போச்சேன்னு ஒரு திருப்தி."

முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். டாக்டர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

"பாத்தியா? இதுதான் ஈரம். புத்தகத்துல இருக்காது." அவன் பக்கம் திரும்பினார். "உனக்குப் பாடம் எல்லாம் தெரியுது. மனசுதான் கொஞ்சம் வறட்சி. இந்தத் துறைக்கு அது ஆகாதுப்பா."

கடிதம் ராணிக்குப் போனது. அன்றைய செல்பியில் கடிதத்தையும் கூடையையும் சேர்த்துப் பிடித்திருந்தாளாம்.

அவன் டயர் கடைக்குப் போய்விட்டான்.

இதுவரைக்கும் தோழி சொன்னது. அவளுக்கும் அவன் மேல் பெரிய மரியாதை இல்லை. "கல்நெஞ்சன்டி" என்றுதான் முடித்தாள். நானும் தலையாட்டினேன்.

போன மாதம் அதே மையத்தில் நானும் சேர்ந்தேன். முதல் வேலை, பழைய நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவது. ஒன்று யாரும் புரட்டும்படி மேஜைமேலேயே கிடக்கும் தொலைபேசி நோட்டு, இன்னொன்று வந்து சேர்ந்த குஞ்சுகளின் நோட்டு. இரண்டிலும் தினமும் டாக்டர் கையெழுத்து இருக்கிறது.

தொலைபேசி நோட்டில் அவன் தேதி, முகவரி, "கிளையில் வைக்கச் சொன்னேன்" என்று எழுதி, ஒரு மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்குத் தானே கூப்பிட்டுக் கேட்டு, பதிலையும் எழுதியிருக்கிறான். ஒரு வீட்டைக்கூட விடவில்லை.

ஒரு முகவரி எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேல் பிடித்து, வரிவரியாகச் சரிபார்த்தேன். ராணியின் நாற்பத்தொன்றில் மூன்று முகவரிகளை என்னால் படிக்க முடியவில்லை. மீதி முப்பத்தெட்டும் அப்படியே பொருந்தின.

அவன் நோட்டில்: "தாய் வந்துவிட்டது, ஊட்டுகிறது. மாலை 4.10."

அவள் நோட்டில், அதே தேதி, அதே தெரு, அதே வீட்டு எண்: "அநாதைக் குஞ்சு. மீட்கப்பட்டது. மாலை 5.00."