துண்டுக்குள் விரல்

ஆட்சியர் அலுவலகத்து மனுப் பெட்டியிடம் குறையை வாயால்தான் சொல்ல வேண்டும். கேட்கச் சுவாரசியமாக இருக்கும்வரை அதன் பச்சை விளக்கு எரியும். சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிட்டால் மனு தள்ளுபடி. வேலம்மாள் தன் மகள் கோமதியின் இதய அறுவை சிகிச்சைக்கு அனுமதி கேட்டு வந்திருந்தாள்.

"யக்கா, சந்தையில துண்டுக்குள்ள விரலை மறைச்சுத்தான் மாட்டுக்கு வெலை பேசுவோம். மூடியிருந்தாத்தான் சுத்தி நிக்கிறவன் நகரமாட்டான்," என்று வாசலில் மனு சொல்லப் பழக்கும் சங்கரபாண்டி சொல்லி அனுப்பியிருந்தார். முன்னாள் மாட்டுத் தரகர்.

பதற்றத்தில் வேலம்மாள் அழத்தான் செய்தாள். காலையிலிருந்து எண்பது பேர் கடை விரித்த அதே சரக்கு. விளக்கு மங்கியது. பக்கத்தில் கோமதிக்கு மூச்சு வாங்கியது.

"இவ அப்பா செத்துட்டாருன்னு சொல்லித்தான் வளத்தேன்," என்றாள் சட்டென்று.

விளக்கு பளீரென்று எரிந்தது. "அப்புறம்?" என்றது பெட்டி.

கோமதி திரும்பிப் பார்த்தாள். வேலம்மாள் வாயை மூடிக்கொண்டாள். விளக்கு மறுபடி மங்கத் தொடங்கியது.

"சாகலை. நான் சொன்ன பொய்ச் சாட்சியாலதான் இன்னும் ஜெயில்ல இருக்காரு. அவ்வளவுதான் சாமி என் மனு."

பெட்டி அனுமதிச் சீட்டைத் துப்பியது. வேலம்மாள் அதை மகளிடம் நீட்டினாள். கோமதி வாங்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.