சொல்லாமல் கொள்ளாமல்

“ஆளைத் தூக்கிரணும். காதும் காதும் வச்ச மாதிரி முடியணும்” என்றாள் தேனம்மை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பைச் செருகிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி செல்போனில் கிசுகிசுத்தாள்.

“சத்தமே வராது ஆச்சி. பதினெட்டு வருசமா இதுதானே எனக்குத் தொழிலு” என்றது மறுமுனை.

“அவளுக்கு லேசா ஒரு சந்தேகம் வந்தாலும் நான் தொலைஞ்சேன்.”

“வராது. புது ஆளு உள்ள வந்த பெறகுதான் பழைய ஆளு வெளிய.”

பேசியவர் கருத்தையா. காரைக்குடியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, சமையலுக்கு, துணி துவைக்க, பிள்ளை பார்க்க என்று வீடு வீடாக ஆள் அனுப்பும் தரகர். தூக்கப்பட வேண்டியவள் பொன்னுத்தாயி. தேனம்மையின் பதினான்கு மாத மகள் சௌபர்ணிகாவை மூன்று மாதமாகப் பார்த்துக்கொள்பவள்.

அவள் செய்த குற்றம் ஒன்றுதான். அவளோடு சேர்ந்து சீரியல் பார்த்துப் பார்த்து, குழந்தை வில்லி மாதிரி ஒற்றைப் புருவத்தைத் தூக்கிச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. கல்லூரியில் பாடம் நடத்தும் தேனம்மைக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் குலை நடுங்கியது.

“திங்கட்கிழமை காலேஜுக்கு ஆய்வுக் குழு வருதுண்ணே. அன்னைக்கு நான் இல்லேன்னா என் வேலையே போயிரும். அதுக்குள்ள ஆள் வேணும். முன்வாசலுக்கு அனுப்பிராதீக, இவ பாத்துருவா. பின்தெரு வாசலுக்கு வரட்டும்.”

கோட்டையூரில் அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்கட்டு பங்காளிகளுடையது. பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, சாவி மட்டும் தேனம்மையிடம்; பொன்னுத்தாயி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

“என் பேரையும் சொல்லிராதீக.”

“நான் யாரு பேரையும் யாருக்கும் சொல்றதில்ல ஆச்சி. சொன்னா என்னைய விட்டுட்டு நீங்களே பேசி முடிச்சுக்குவீகளே!”

மறுநாளே கருத்தையா கூப்பிட்டார்.

“ஆச்சி, லட்டு மாதிரி ஒரு ஆளு. போன்லதான் பேசுச்சு. இப்ப ஒரு வீட்டுல பிள்ளை பாக்குது, அங்க மூச்சு முட்டுதாம். நின்னா ஏன் நின்னே, உக்காந்தா ஏன் உக்காந்தேன்னு அந்த வீட்டம்மா போட்டு உலுக்குறாகளாம்.”

தேனம்மைக்கு இரக்கம் பொங்கியது. “ஐயோ பாவம்! அந்தப் பொம்பளையைக் கட்டுன மனுசன் என்ன பாடு படுறாரோ!”

“அவரு வெளிநாட்டுக்குத் தப்பிச்சுட்டாராம் ஆச்சி.”

“பின்னே? புத்தியுள்ள மனுசன். அண்ணே, அப்படிப்பட்டவகிட்ட முன்கூட்டிச் சொல்லிட்டு வேற வரணுமாக்கும்? சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பி வரச் சொல்லுங்க! இங்க ஞாயித்துக்கிழமை லீவு. சீரியல்கூடப் பாக்கட்டும். நான் வாயே தெறக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை காலை எட்டரை ஆகியும் பொன்னுத்தாயி வரவில்லை. தேனம்மை பதறிப்போய்க் குழந்தையின் நோட்டைப் புரட்டினாள். சௌபர்ணிகா என்ன தின்றாள், எப்போது தூங்கினாள் என்று பொன்னுத்தாயி மணிவாரியாக எழுதி வைக்க வேண்டிய நோட்டு.

‘வியாழன். 12.30 பருப்புச் சாதம், பாதியத் துப்பிருச்சு. 3.10 தும்மல் ரெண்டு. 5.00 நான் போறேன். இனிமே வர மாட்டேன்.’

தேனம்மை நோட்டைத் தொப்பென்று போட்டாள். தான் தூக்குவதற்குள் அவள் முந்திக்கொண்டாளே!

“என்ன நெஞ்சழுத்தம் பாத்தீகளா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா வாய் தேஞ்சா போயிரும்?” என்று மஸ்கட்டில் இருக்கும் கணவன் ராமநாதனிடம் வீடியோவில் பொரிந்து தள்ளினாள். சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டதுபோல அவன் இமைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்குப் பின்னால் மின்விசிறி மட்டும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த போன் கருத்தையாவுக்கு. “புது ஆளை இன்னைக்கே அனுப்புங்கண்ணே!”

“திங்கக்கெழமைதான் வருமாம் ஆச்சி. அதுக்கு முந்தி மூணு நாளு நல்லாத் தூங்கி எந்திரிக்கணுமாம்.”

அந்த மூன்று நாளில் தேனம்மை தூங்கவே இல்லை. ஊட்டிய இட்லி வாஷிங் மெஷினுக்குள் போனது. ஆய்வுக் குழுவுக்காகத் தயாரித்த கோப்பின் பதினோராம் பக்கம் சௌபர்ணிகாவின் வயிற்றுக்குள் போனது. அதட்டினால் அந்த ஒற்றைப் புருவம் மேலே போனது.

ஞாயிறு மத்தியானம் தேனம்மை தோற்றாள். தானே டிவியைப் போட்டு, பழைய சீரியல் ஒன்றைத் தேடி எடுத்தாள். குழந்தை மளமளவென்று இரண்டு கிண்ணம் சாதம் தின்றது. அம்மாக்காரி மூக்கைச் சிந்தியபடி நான்கு பகுதிகள் பார்த்து முடித்தாள்.

திங்கள் காலை எட்டு மணி. அவசரமாகக் கட்டிய பட்டுச்சேலை, ஒரு காதில் மட்டும் தோடு, இடுப்பில் குழந்தை. கூடம், முற்றம், அடுத்த முற்றம் என்று ஓடிப் பின்கட்டைத் திறந்தாள். பின்தெருக் கதவு தட்டப்படும் சத்தம் தேவகானமாகக் கேட்டது.

தாழ்ப்பாள் துருவேறி மக்கர் செய்தது. முட்டியால் ஒரு இடி இடித்தாள். கதவு கிறீச்சென்று திறந்தது.

தோளில் பையும் கையில் குடையுமாக நின்றவள் பொன்னுத்தாயி!

தேனம்மையின் இடுப்பிலிருந்து சௌபர்ணிகா கூச்சலிட்டபடி பொன்னுத்தாயியின் தோளுக்குத் தாவினாள். அவளை அனிச்சையாக வாங்கிக்கொண்ட பொன்னுத்தாயி, தேனம்மையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இங்குட்டும் தேடி வந்துட்டீகளா? வம்பு பண்ணாம வீட்டுக்குப் போங்க. இந்த வீட்டு ஆச்சி தங்கமானவுக!”