ஆள் இல்லாத குடம்

வேன் ஜன்னலில் தலையை நீட்டியபோது முதலில் லாரியின் பின்புறம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். சாலையை அடைத்துக்கொண்டு குடங்கள் நின்றன.

பச்சை, மஞ்சள், ஊதா. குடங்களுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில், வாய் ஓரம் உடைந்த பச்சைக் குடம் அவளுடையது.

விடியும் முன்பே மறியலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிச் சீருடை மாட்டிக்கொண்டு, ரிசார்ட் வேனில் ஏறியிருந்தாள்.

ஊர்க் குழாயடியில் அப்படித்தான். ஆள் நிற்க முடியாவிட்டால் குடம் நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அன்றைக்குக் குடுமிப்பிடிச் சண்டைதான்.

வேனில் இருந்த மற்றவர்களுக்கு, வந்து உட்கார வீட்டில் அம்மாவோ மாமியாரோ இருந்தார்கள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மகன் பால்வாடிக்குப் போகிறவன். அதனால் குடத்தை உட்கார்த்திவிட்டு வந்திருந்தாள்.

இப்போது அந்தக் குடம் லாரியை மறித்தது. லாரி வேனை மறித்தது. வேனுக்குள் அவள் இருந்தாள்.

சிரிப்புக்கூட வந்தது.

லாரி நிறைய ஊர்க் கிணற்றுத் தண்ணீர். ரிசார்ட்டின் நீச்சல்குளத்துக்குப் போகிறது.

மலை உச்சியில் ரிசார்ட்டுகள் ஆழ்துளைக் கிணறு போட்டபோது ஊற்று நின்றது. ஊற்று நின்றதும் பீன்ஸ் காய்ந்தது. பீன்ஸ் காய்ந்தவர்கள் அதே ரிசார்ட்டுக்குப் படுக்கை விரிக்கப் போனார்கள். எவனோ கெட்டிக்காரன்தான் இதைக் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

வேனுக்குப் பின்னால் சுற்றுலாக் கார்கள் ஹாரன் அடித்தன. ஒரு காரிலிருந்து இறங்கிய பெண் போனை உயர்த்திக் குடங்களைப் படம் எடுத்தாள்.

"செம கலர்ஃபுல்லா இருக்குல்ல?"

சூப்பர்வைசர் வேனிலிருந்து இறங்கி முன்னால் போனான். சீசனுக்கென்று பட்டணத்திலிருந்து வந்த புது ஆள். கத்தவில்லை. பக்குவமாகத்தான் பேசினான்.

"லாரியை நிறுத்துங்க, வேணாங்கல. ஆனா இந்தப் பொண்ணுங்க இப்ப உள்ள போகலைன்னா நாளைலேருந்து வர வேணாம். வெளியூர்லேருந்து ஆள் எடுத்துக்குவாங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்கதானே, யோசிச்சுக்குங்க."

சாலை குறுகல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வேன் போக வேண்டுமென்றால் லாரி முதலில் போக வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும்.

யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

யாராவது எழுந்திருங்கள் என்றும் கெஞ்சினாள்.

வேனில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் பூங்கொடி இருந்தாள். சாலையில் அவளுடைய மாமியார்தான் முதலில் எழுந்தாள்.

"அவளுக போகட்டும்த்தா. அந்தச் சம்பளமும் நின்னுபோனா சோத்துக்கு என்ன செய்ய?"

தன் குடத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். அவரவர் குடத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் நின்றது.

லாரி டிரைவர் இறங்கி வந்தான். அவனும் அந்த ஊர்தான். குடத்தைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். திரும்பிப் போய் ஏறிக்கொண்டான்.

சூப்பர்வைசர் குனிந்து, குடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதியிருந்ததைப் படித்தான்.

"ஒச்சம்மாள். யாரும்மா ஒச்சம்மாள்?"

வேனுக்குள் பூங்கொடி தன் கால் நகத்தைப் பார்த்தாள்.

அவன் வேனுக்கு வந்து உள்ளே பார்த்தான். அவள் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜில் லில்லி என்று இருந்தது. வருகிறவர்கள் வாயில் நுழையாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லோருக்கும் பூவின் பெயராக மாற்றியிருந்தார்கள். பூங்கொடிக்குக்கூட டெய்சி என்றுதான் பேட்ஜ்.

கதவோரம் உட்கார்ந்திருந்தது அவள்.

"லில்லி, நீ இறங்கி அத எடுத்து ஓரமா வை."

இறங்கினாள்.

நடந்தாள். ஊரே ஓரமாக நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தியாவது காறித் துப்பியிருந்தால் தேவலை என்று இருந்தது.

குடத்தை எடுத்தாள். எடுத்த பழக்கத்தில் இடுப்பில் வைத்துவிட்டாள். சட்டென்று இறக்கி, அடுத்த வீட்டுப் பொருள் மாதிரி கையில் தூரமாகப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

லாரி நகர்ந்தது. வளைவில் குலுங்கி, மூடி வழியாகத் தண்ணீர் தளும்பி அவள் காலில் கொட்டியது. நல்ல குளிர்ச்சி.

குடத்தைச் சாலையோரக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேனில் ஏறினாள்.

"ஆளே இல்லாத குடத்துக்கு எவ்ளோ நேரம் பாரு," என்றான் சூப்பர்வைசர். "குட், லில்லி."

மேல் வளைவில் வேன் திரும்பியபோது அந்த இடம் கீழே தெரிந்தது. கார்களும் கடந்து போயிருந்தன. இன்னும் கீழே, அடுத்த தண்ணீர் லாரி ஏறி வருகிற சத்தம் கேட்டது.

பெண்கள் மறுபடியும் சாலைக்கு வந்தார்கள். குடங்களை வைத்தார்கள். முன்பு இருந்த அதே வரிசை. யார் பக்கத்தில் யார் என்பதுகூட மாறவில்லை.

முன்வரிசையில் ஒரு குடம் வைக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"எடுத்து வைங்கத்தா," என்றாள் அவள், ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

பச்சைக் குடம் அவள் வைத்த இடத்திலேயே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை.