அந்த ஓர் இடம்

"கோட்டாவுல வந்த பைலட்." பதினோரு வருஷமாக முதுகுக்குப் பின்னால் இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தவர் பயிற்சிப் பிரிவின் தலைமைக் கேப்டன். ஓய்வு பெறும் நாளில் பழைய கோப்புகளை ஒப்படைக்கும்போதுதான் அவளுடைய பேட்ச்சின் தேர்வுப் பட்டியல் அவர் கண்ணில் பட்டது. நேராகப் பைலட்டுகளின் ஓய்வறைக்கு வந்தார்.

"பொதுப் பட்டியல்ல நீதாம்மா முதல் ஆள்."

"தெரியும் சார்."

"ஒதுக்கீட்டுல வந்தது ஒரே ஒருத்தர். அது நீ இல்ல. இத்தனை வருஷம் ஏம்மா வாயே திறக்கல?"

அவள் சட்டையின் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் இல்லன்னா வேற யாருன்னு தேடியிருப்பீங்க சார். அவர் அப்போ உங்ககிட்டதான் பயிற்சியில இருந்தாரு."

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தார். பட்டியலில் ஒதுக்கீட்டில் இருந்த அந்த ஒரே பெயருக்குரியவனைப் பற்றி, 'இவனைப் போல ஒரு பைலட்டை நான் பார்த்ததில்லை' என்று எழுதி அவனைக் கேப்டனாக உயர்த்தியது அவர்தான்.

"அவன்கிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் சார். அவர் நிம்மதியா ஓட்டட்டும்."

விமானத்துக்கு நேரமாகியிருந்தது. அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.