லுஹர் நேரத்து ஜின்

"நில்லுங்க நானா. கேக்குதா?"

ஹஸனோடு கடலுக்குப் போகும் இளையவன் ஸஜீத், பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். கைவிடப்பட்ட அந்தச் சின்ன ஸ்டேஷனுக்குள்ளிருந்து, யாரோ ஆழமாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"காத்துடா," என்றான் ஹஸன்.

"காத்து இழுத்து இழுத்தா மூச்சு விடும்? மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறகு இஞ்ச ஜின்னு வருதெண்டு மொதல்ல சொன்னதே உங்கட பொஞ்சாதிதானே!"

அதுதான் சிக்கல். கைருன்னிஸா சொன்னால் ஊர் நம்பும். ஹஸனுக்குப் பிறகு படுத்து, அவனுக்கு முன் எழும்புகிறவள். வம்பளக்க அவளுக்கு நேரமேது?

ஹஸனுக்கோ பயப்படவே நேரமில்லை. மழை வரப்போகிறது. யுத்தம் முடிந்ததும் மன்னாரில் வீடு கட்டப் போன தம்பி, ஐந்து பிள்ளைகளையும் இவனிடம் விட்டுப் போயிருந்தான். ஓர் அறையில் பிள்ளைகள், மற்றதில் வலைகள். வீட்டில் கால் நீட்ட இடமில்லை. ஸ்டேஷனில் ஜின் இல்லை என்று இன்றைக்கே காட்டினால்தான் வலைகளை இங்கே தூக்கி வர ஆட்கள் சம்மதிப்பார்கள்.

புத்தளம் போகிற ரயில் நிற்காமல் கடந்து போனது. கட்டடம் அதிர்ந்து அடங்கியது. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் அடங்கவில்லை.

"கோச்சிக்கும் அசையாத ஜின்னு நானா! வாங்க, போயிருவம்."

ஹஸன் கையை உதறிக்கொண்டு படியேறினான். ஆளில்லாத இடத்துக்குள் நுழையும்போது சொல்லும் வழக்கப்படி ஸலாம் சொன்னான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

டிக்கெட் அறையிலிருந்து கரகரத்த குரல் ஒன்று முனகியது.

"வஅலைக்கு... முஸ்ஸலாம்..."

"யா அல்லாஹ்! முஸ்லிம் ஜின்னு!" ஸஜீத் தண்டவாளம் வரைக்கும் ஓடிவிட்டான்.

ஹஸன் கதவைத் தள்ளினான். வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கி வந்தான்.

"என்னத்த நானா கண்டீங்க?"

"மெய்தான்டா. இருக்கு."

"அப்ப வலை?"

"வீட்டிலேயே கெடக்கட்டும். லுஹருக்குப் பொறகு இந்தப் பக்கம் ஒருத்தரும் வரப்படாதெண்டு ஊர்ல சொல்லு. புள்ளைகளையும் சத்தம் போட்டு வெளையாட விடாத."

அன்று மாலை பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே கைருன்னிஸா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

"ஸ்டேஷனுக்குப் போனீங்களாம்... ஜின்னக் கண்டீங்களா?"

ஹஸன் ஒரு மிடறு குடித்தான். பிள்ளைகளுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்குத் தலகணி ஒண்டு கொண்டு போ, புள்ள."