பத்து ஜீப்புக்கு நிழல்

"திருடணும்னா கடையில இருந்த மிஷினத் திருடியிருக்கலாம் இல்ல? என் ஆறு மாசத்த எதுக்குடா திருடுனே?"

தபிதாள் போட்ட சத்தத்தில் ரிசார்ட் டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். சாவிக் கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டிருந்த குமரவேல் அதைப் பையில் போட்டுக்கொண்டான். போன மாதம் வரை அவள் அப்பா யோபுவின் சீட் கவர் கடையில் துணி வெட்டியவன். இப்போது கே.ஜி.கண்டிகையில் புதிதாக முளைத்த கடையில் இருக்கிறான்.

கூரையில்லாத இரண்டு ஜீப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றின் மேல் அவள் சற்றுமுன் இழுத்துக் கட்டிய கறுப்பு நிழல் வலை. இன்னொன்றின் மேல் குமரவேல் கொண்டுவந்த வலை. அளவு, மடிப்பு, டிரைவர் தலைக்கு மேல் விட்ட தளர்ச்சி, எல்லாம் அச்சாக அதே.

கித்தான் போட்டால் வேகத்தில் படபடவென்று அடித்துக் கிழியும். தோட்டத்துப் பச்சை வலை ஒரே கோடையில் நைந்துவிடும். வெயிலை மறித்து, காற்றை மட்டும் உள்ளே விடும் வலையைத் தைக்க அவளுக்கு ஆறு மாதம் ஆனது. வீட்டில் முதல் பட்டதாரி, பி.எஸ்சி. இயற்பியல். சித்திரை வெயிலில் ஜீப் சீட்டின் மேல் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளைப் பார்த்து, திருத்தணி பைபாஸில் சிரிக்காதவர்கள் இல்லை.

யோபு மட்டும் சிரிக்கவில்லை. "ரிசார்ட்டு ஆர்டர் வரட்டும் பாப்பா. பத்து ஜீப்பு. அப்பால நம்ம கடை போர்டுல உன் பேருதான்" என்றார். அந்தப் போர்டுக்காகத்தான் அவள் வேறு வேலைக்கே எழுதிப் போடவில்லை.

இன்று காலையில்கூட அவள் கேட்காமலே உதவிக்கு வந்தார். வலை ஓரத்து வளையங்களில் நாலைந்து எலாஸ்டிக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அவள் அத்தனையையும் அவிழ்த்துப் போட்டாள்.

"நைனா, உன் பீச்சாங்கை முடிச்சு ஆவாது. மாத்தி முறுக்கி வெச்சிடறே. அவுக்கறவனுக்கு நகம் பேந்துரும்."

"நாப்பது வருசமா இப்டித்தான்மா கட்டிகினு இருக்கேன்."

"தம்பிய வரச் சொன்னேனே, எங்க ஜெரால்டு?"

"அவனுக்கு வேற ஜோலி கீது."

"இன்னா ஜோலி, தூங்கறதா?" என்று சிரித்தபடி இருபது முடிச்சையும் தானே போட்டாள்.

ரிசார்ட் மேனேஜர் ராகவேந்திரா இரண்டு வலையையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். "ரெண்டும் ஒண்ணுதாங்க மேடம். அவங்க போன வாரமே ஒண்ணு கொண்டுவந்து மாட்டிக் காட்டிட்டாங்க. பத்து வண்டிக்கும் அங்கயே சொல்லிட்டோம். உங்களது தான் காப்பின்னு எங்க டிரைவருங்க பேசிக்கறாங்க."

"காப்பியா? என்னுதா?" அவள் குமரவேலின் சட்டையைப் பிடித்தாள்.

"வுடு பாப்பா" என்றார் பின்னால் நின்ற யோபு. கையில் அவளுக்காக வாங்கிய தண்ணீர் பாட்டில். "வூட்டுக்குப் போலாம். வெயில்ல நிக்காத."

"நீ சும்மா இரு நைனா. நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம தலையிலயே கைய வெச்சிகிறான்."

குமரவேலுக்கு முகம் சிவந்தது. மலைக் கோயில் பக்கம் கையைக் காட்டினான். "அக்கா, மேல கீறவன் மேல சத்தியமா நான் ஒரு துண்டுகூட வெட்டல. தைச்சு, கயிறு கட்டி, மூட்டையா வந்துது. மாட்டறது மட்டுந்தான் நானு."

"யார்றா உன் ஓனரு?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிகிறாங்க. போர்டே இன்னும் மாட்டல."

"நீ சொல்ல வேணாம். இது என் வலை, நானே கழட்டி எடுத்துனு போறேன்." அவன் கொண்டுவந்த வலையின் ஓரத்தைப் பிடித்து முதல் முடிச்சை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். முடிச்சு இறுகியது. கட்டைவிரல் நகம் பேர்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

விரலைத் துடைத்துக்கொண்டு முடிச்சை உற்றுப் பார்த்தாள். பிறகு கயிற்றை இடது கைக்கு மாற்றி, எதிர்ப்பக்கமாகத் திருகினாள்.

முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். நாலாவதை அவள் தொடவில்லை. குமரவேல் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினான்.

அவள் திரும்பியபோது, யோபு தண்ணீர் பாட்டிலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"புதுக் கடை போர்டுல யாரு பேரு நைனா?"

யோபு தரையில் விழுந்த வலையின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெரால்டு பேருதான்" என்றார். பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீ படிச்ச பொண்ணு பாப்பா, இன்னொண்ணு கண்டுபுடிச்சிக்குவே. அவனுக்கு இன்னாமா தெரியும்?"