இரண்டாவது லாரி

"ஒரு லாரியா, ரெண்டு லாரியா? முதல்ல அதைச் சொல்லுங்கண்ணே!"

மேடைக்குப் பின்னால் வயரைப் பிரித்துக்கொண்டிருந்த மைக்செட்காரர் சீறினார்.

பேச்சாளர் கண்ணாடி முன் நின்று முகத்தைச் சோகமாக்கிக்கொண்டிருந்தார். தலைக்கவசம் அணியச் சொல்லி ஊர் ஊராகப் பேசுகிறவர். பட்டப்பெயர் 'கண்ணீர்'. அவர் வாயைத் திறந்தால் அரங்கத்து நாற்காலிகளே மூக்கைச் சிந்தும்.

"ரெண்டுதான். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. நடுவுல ஹெல்மெட் போடாத என் தம்பி. கேக்கிறவனுக்கு ஈரக்குலை நடுங்க வேண்டாமா?"

"போன மாசம் ஒரே லாரி. அதுக்கு முன்னால வெறும் ஆட்டோ. இப்படியே போனா அடுத்த மாசம் ரோட்டுல கப்பல் விடுவீங்க!"

"மழை பெஞ்சா விட்டாப் போச்சு."

மைக்செட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அப்படி ஒரு விபத்தே நடக்கலையேண்ணே! கேக்க எனக்கே கூசுது. நடந்ததைச் சொல்லி அழ வைங்க, அதுதான் பேச்சு."

"நடந்தது என்ன இருக்கு? நானே பஸ்ல போறவன். புள்ளிவிவரம் சொன்னா எவன் அழுவான்? கொட்டாவிதான் விடுவான். எல்லாம் ஊர் நல்லதுக்குத்தானேப்பா! போன கூட்டம் முடிஞ்சதும் ஹெல்மெட் கடையில தள்ளுமுள்ளு, தெரியுமில்ல?"

"பொய்னு தெரியற அன்னிக்கு, ஹெல்மெட்டும் பொய்னு கழட்டி எறிவான். தலையைக் காப்பாத்துங்கன்னு சொல்லிட்டு, அதே தலையில மிளகாய் அரைக்கிறீங்களே!"

"இந்தா, கேட்டுக்க. இந்தப் பார்சல் கம்பெனி முதலாளியம்மாவுக்கு என் பேச்சு பிடிச்சிட்டா, வருஷம் பூரா அவங்க கிளை எல்லாத்துலயும் எனக்குத்தான் மேடை. உனக்குத்தான் மைக்செட் வேலை. கெடுத்துடாதே சாமி! நீ வயரைப் பாரு."

கூட்டம் தொடங்கியது. லாரிகள் இரண்டும் மோதின. மழையும் பெய்தது. பார்சல் கொண்டுபோகும் பிள்ளைகள் வரிசை வரிசையாக விம்மினார்கள். வாசல் காவலாளி தேம்பிய தேம்பலில் அவர் தொப்பியே கழன்று விழுந்தது. மைக்செட்காரர் மட்டும் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு தன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதலாளியம்மா கண்ணைத் துடைத்தபடி மேடையேறினார்.

"இனிமே எங்க எல்லாக் கிளையிலயும் நீங்கதான் பேசணும். உங்க தம்பி படம் ஒண்ணு குடுங்க. ஒவ்வொரு வாசல்லயும் பெரிசா மாட்டி வைக்கிறோம்."

பேச்சாளர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "படமா... அவன் படமே எடுத்துக்கிட்டதில்லீங்க."

"பெத்தவங்ககிட்ட ஒண்ணாவது இருக்குமே? நானே வீட்டுக்கு வந்து, உங்க அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிட்டு வாங்கிக்கிறேன்."

"அம்மாவா?" பேச்சாளர் கூரையைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. "தம்பி போன சேதி கேட்ட அந்த நிமிஷமே அவங்களும்..."

அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. மைக்செட்காரர் இன்னொரு மைக்கைப் பிடித்தபடி எழுந்து நின்றிருந்தார்.

"அண்ணே! இத்தனை நாளா ஊர் ஊராப் போய் என்னைக் கொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். அம்மாவையாவது விட்டுடுங்க, 'ரெண்டு பேரும் எப்படா வீட்டுக்கு வர்றீங்க'ன்னு இப்பத்தான் போன் பண்ணினாங்க!"